யாரு வரலைன்னு பாரு

"வெச்சிடுங்க அத! மொதல்ல யாரு வரலைன்னு பாருங்க, அப்புறம் தட்டை எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் மதியச் சாப்பாடு. மேசையில் ஒரு தட்டு கூடுதலாகத் தெரிந்ததும், லாயிட் சும்மா இருக்கமாட்டாமல் அதை எடுக்கப் போனார். மனைவி மௌரீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இது வாராவாரம் நடப்பதுதான். வந்த விருந்தாளிகளில் யாராவது ஒருவர் மாடியில் போனோடு உட்கார்ந்திருப்பார். அவர் இறங்கி வந்ததும் தட்டு சரியாகிவிடும். லாயிட் மட்டும் சரியாக மாட்டார்.

மௌரீனுக்கு ஐம்பதைத் தொடும் வயது. காப்பியை மேசையில் வைத்து மறந்துவிட்டு, ஆறிப்போயிருக்கிறது என்று காப்பி கொண்டுவந்தவரோடு சண்டை போடுவார். இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வட்டக் கடிகாரம், அதற்கு ரத்தச் சிவப்பில் ஒரு வார். "சாரோட வாட்சா மேம்?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "சின்ன வாட்ச்சுன்னா டைம் பாக்கக் கண்ணாடி தேடணும். அதுக்குள்ள டைம் போயிடும்."

வேலை, ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி அலுவலகத்தில். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கு எந்நேரம் எவ்வளவு குளிராக இருந்தது என்று கணினியில் கோட்டுப் படம் வரைய வேண்டும். நேரங்களெல்லாம் ஒரு வரிசை, வெப்பநிலைகளெல்லாம் இன்னொரு வரிசை. இதில் முதலாவதற்கு அதில் முதலாவது, இதில் இரண்டாவதற்கு அதில் இரண்டாவது என்று கணினி ஜோடி சேர்த்துக்கொண்டே போகும். ஒரு வரிசையில் ஆள் குறைந்தால் படமே வராது. சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் திட்டும்.

மௌரீனுக்கு ரத்தம் கொதிப்பது அந்தத் திட்டைப் பார்த்து அல்ல. அதற்கு அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியத்தைப் பார்த்து. நீளமான வரிசையின் கடைசியில் மிச்சம் இருப்பதை ஒரே வரியில் வெட்டிப் போடுவார்கள். இரண்டும் சமமாகிவிடும், படமும் ஜம்மென்று வந்துவிடும். தலைவலி போய்த் திருகுவலி வந்தது யாருக்கும் தெரியாது.

"எரர் போயித்து மேம்" என்பான் பக்கத்து இருக்கை தேஜஸ், பாதிக் கன்னடத்தில்.

"எரர் போச்சு. தப்பு எங்கப்பா போச்சு? அது உள்ளதானே உக்காந்திருக்கு! சட்டைல மேல் பித்தானை மாத்திப் போட்டுட்டு, கீழ மிச்சம் இருக்கற ஓட்டையைக் கத்திரிப்பியா?"

தேஜஸ் டீ ஷர்ட் மட்டுமே போடுகிறவன். அவனிடம் பித்தானைச் சொல்லி என்ன பயன்? அடுத்த வாரமும் வெட்டுவான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

போன மாதம் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக ஐஸ்கிரீம் திரும்பி வந்தது. உருகி, மறுபடி உறைந்து, உள்ளே மணல்போல நெறநெறவென்று. மேனேஜர் சுதீர், அந்தப் பெட்டிகள் கிடங்கில் இருந்த நாளின் படத்தைக் கேட்க, தேஜஸ் வரைந்து கொடுத்தான். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கிடங்கு சூடாகியிருந்தது, படத்தில் மேடாகத் தெரிந்தது. காலை ஷிப்ட் கிடங்கில் வேலை பார்க்கும் பெருமாள்சாமியுடையது. கதவைத் திறந்து போட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெருமாள்சாமி மௌரீனுக்குப் போன் செய்தார்.

"நான் கதவைத் தொறந்து போடற ஆளா மேடம்? அன்னிக்குக் காலைல லோடே வர்ல. கரண்டும் இல்ல, ஜெனரேட்டர்லதான் ஓடுச்சு. படம் சொல்லுதுங்கறாங்க. படத்துக்கு எம்மேல என்ன மேடம் கோவம்?"

"கரண்ட் இல்லியா? அப்ப சூடு அளக்கற மீட்டர்?"

"அது ஜெனரேட்டர் லைன்ல இல்லியே மேடம். கரண்ட் வந்தாத்தான் எந்திரிக்கும்."

மௌரீன் போனை வைத்துவிட்டு, தேஜஸ் எழுதியதைத் திறந்து பார்த்தார். அதே வெட்டு.

"ராத்திரி கடைசி மூணு மணி நேரம் எங்கப்பா காணோம்?"

"அது எக்ஸ்ட்ரா இருந்தது மேம்."

"எக்ஸ்ட்ராவா? டைம் எங்கியாவது எக்ஸ்ட்ரா வருமா? வந்தா எனக்குக் குடு, துணி தோய்க்கணும்! டைம் எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு. சூடுதான் மூணு மணி நேரம் வரல. யாரு வரலைன்னு பாத்தியா? தட்டைத் தூக்கிட்ட!"

நடந்தது இதுதான். காலையில் கரண்ட் போனதும் மீட்டர் தூங்கிவிட்டது. எழுந்ததும், இடைவெளி எதுவும் விடாமல் விட்ட இடத்திலிருந்தே எழுதத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அளவும் மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வாலை வெட்டியதால் அது யார் கண்ணிலும் படவில்லை. பாவம், அந்த மனிதரின் பிழைப்பே போய்விட்டது. மௌரீனுக்கு வந்த கோபத்தில் விசைப்பலகை உடையாமல் பிழைத்தது பெரிய காரியம்.

கரண்ட் ஆபீசிலிருந்து வந்த மின்வெட்டுக் குறுஞ்செய்தியைப் பெருமாள்சாமி அனுப்பிவைத்தார். அதில் கண்ட நேரத்துக்கு மௌரீன் வெப்பநிலை வரிசையில் வெற்றிடங்களை இட்டார். வாலைத் திரும்ப ஒட்டினார். இரண்டு வரிசையும் சமமாயின. புதிய படத்தில் கோடு காலையில் அறுந்து, மறுபடி தொடங்கி, மூன்று மணிக்கு மேல் மேடாக எழுந்தது. பெருமாள்சாமி இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போகிறவர்.

"அப்ப மூணு மணிக்கு யாரு மேம் தொறந்தது?" என்றான் தேஜஸ்.

எரிந்து விழ வாயைத் திறந்த மௌரீனின் கண் எதிரே போனது. எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட புகைப்படம். கிடங்கு சூடான அதே நாள் மதியம் பம்பாயிலிருந்து விருந்தினர்கள் கிடங்கைப் பார்க்க வந்திருந்தார்கள். தடித்த குளிர் அங்கிகளில், கிடங்கு வாசலில், நடுவில் சுதீர் நிற்க, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, இன்னொன்று என்று அரை மணிக்கு மேல் எடுத்தார்கள். அந்தக் கதவோ விட்டால் தானாக மூடிக்கொள்ளும் கதவு.

புகைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு சுதீரின் அறைக்குப் போனார். புதிய கோட்டுப் படத்தை முதலில் நீட்டினார். சுதீர் அதைப் பார்த்தார், கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் விடுங்க மௌரீன். எரர் போயிடுச்சுல்ல, அதோட விட்டிருக்கலாம். இப்ப பெருமாள்சாமியைத் திரும்பக் கூப்பிட்டா, அப்ப யாருன்னு மேல கேப்பாங்க. நாங்க எல்லாம் போட்டோக்கு நின்னோம், கதவை யாரும் தொடல. யாரு பேரைச் சொல்றது?"

வேலை போனால் லாயிட்டிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் தோன்றியது. எரிச்சல் அதையும் மீறிக்கொண்டு வந்தது. மௌரீன் புகைப்படத்தை மேசைமேல் வைத்து அவர் பக்கம் திருப்பினார். ஓரத்தில், சட்டத்துக்குள் ஆள் விழவில்லை. கனத்த கதவைப் பிடித்து நிறுத்தியிருந்த ஒரு கை மட்டும் விழுந்திருந்தது. அதில் பெரிய வட்டக் கடிகாரம், சிவப்பு வார்.

மௌரீன் தன் இடது கையை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.