கம்பியும் அக்காவின் கையும்

வேலையிடத்தில் அக்காவுக்கு வைத்த பெயர் மிளகாய். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவள்தான் மேற்பார்வை. ட்ரையரில் ஈரத்துணியைப் போட்டு எடுப்பவள் நான். தங்கச்சி என்று சலுகையா? மூச்! ஒரு மடிப்பு கோணினாலும் முதல் டோஸ் எனக்குத்தான்.

கொஞ்ச காலமாகவே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், உடனே திறப்பாள். எது சரி, எது தப்பு என்று யோசிக்கவே மாட்டாள். நெஞ்சு படபடத்தால் தப்பு, அவ்வளவுதான். பால்காரர் மணி அடித்தால் தப்பு. அத்தான் இருமினால் தப்பு. பாவம், அந்த மனுஷன் மொட்டைமாடிக்குப் போய் இருமிவிட்டு வருவார்.

ஆனால் ஒன்று நிஜமாகவே தப்பு. ட்ரையர் கதவைத் திறந்தால் உள்ளே உருளை நின்றுவிட வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மேனேஜர், உருளையை அப்படி நிறுத்துகிற கதவு சுவிட்சைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டார். சுற்றுகிற உருளைக்குள்தான் நான் கையை விட்டுத் துணியை இழுக்க வேண்டும். ஒருமுறை போர்வை என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. எப்படியோ உருவிக்கொண்டேன்.

அக்கா தாம்தூம் என்று குதித்தாள். கம்பியைப் பிரிக்கப் போனாள். கை நடுங்கிய நடுக்கத்தில் ஒரு முறுக்குகூட அவிழவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனாள். தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது, நடுக்கமும் படபடப்பும் எரிச்சலும் அதனால்தான் என்றார். மேனேஜருக்கு ஒரே குஷி.

"பாத்தீங்களா, அன்னைக்குக் கத்தினது அவங்க இல்ல, தைராய்டு!"

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அத்தான் வீட்டுக்குள்ளேயே இருமினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கம்பி அப்படியே இருக்கிறது, இவள் பார்த்துக்கொண்டே போகிறாள்!

"ஏன்க்கா, என் கை போனாலும் இப்படித்தான் பாத்துட்டு நிப்பியா?"

"கோபம் வரலடி." அவள் முகத்தில் பயம் தெரிந்தது. "கம்பியைப் பாக்கறேன், நெஞ்சு அடிக்கவே மாட்டேங்குது. அப்ப கத்தினது நானா, அந்தச் சுரப்பியா? இல்ல, இப்பத்தான் எனக்கு உறைக்காமப் போச்சா?"

"உனக்குக் கோபம் வர்றவரைக்கும் நான் கையை விட்டுட்டே இருக்கணுமா?"

கேட்டுவிட்டு ட்ரையர் பக்கம் நடந்தேன்.

மறுநாள் காலை நேராக ட்ரையரிடம் போய் மின்சாரத்தை நிறுத்தினாள். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு மாத்திரை போடலையா?"

"போட்டுட்டேன் சார். போட்டுட்டுத்தான் சொல்றேன். இது தப்பு."

குரல் உயரவே இல்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு முறுக்காக அவிழ்த்தாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். துளிகூட நடுங்கவில்லை.

கம்பியை மேனேஜர் கையில் கொடுத்தாள். "இதை மறுபடி கட்டினா, அப்புறம் நீங்கதான் உள்ள கையை விட்டுத் துணி எடுக்கணும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் ஈரப் போர்வையைப் போட்டு, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து ட்ரையரை ஓடவிட்டு, கதவைத் திறந்தேன். உருளை நின்றது.