ஆர்டித் போட்ட முடிச்சு

கோர்லிஸைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மெய்ன் கரையில் எங்கள் துறைக்கு முப்பது படகு. எல்லாம் சிங்கி இறால் பிடிப்பவை. அவனிடம் புது எஞ்சின், எண்ணூறு கூண்டு. போதாததற்கு ஆர்டித்தும் அவனுக்கே வாய்த்தாள். நான் பள்ளி நாளிலிருந்து ஆசைப்பட்ட பெண். அவனைக் கட்டிக்கொண்டு, பதினோரு வருஷமாக அவன் படகிலேயே கூண்டுக்கு இரை வைத்தாள்.

அவனுக்கு அதுவும் பத்தவில்லை. அதிகம் பிடிப்பதில் துறையில் முதல் படகு ஆர்டித்தின் அப்பா ஹாலிஸுடையது. பாறைத்திட்டைச் சுற்றி அவர் நாற்பது கூண்டு போட்டிருந்தார். அங்கே இறால் கொட்டும்.

"மாமனாருக்கு அடுத்தவன், மாமனாருக்கு அடுத்தவன்னு எத்தனை நாள்டா கேக்குறது, டெல்மர்?" என்பான்.

"அவருக்கப்புறம் அந்த இடம் உனக்குத்தானே. பொறுத்துக்கயேன்."

"அந்தக் கிழம் தொண்ணூறு வரைக்கும் இருக்கும்டா!"

இடைஞ்சலாகக் கூண்டு போட்டவனிடம் எங்கள் ஊரில் வாயால் சண்டை போடுவதில்லை. கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்ட மேலே மிதக்கும் அவன் மிதவையின் குச்சியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார்கள். இடத்தைக் காலி பண்ணு, அடுத்த தடவை கயிற்றை அறுத்துவிடுவேன் என்று அர்த்தம். யார் போட்டது என்று தெரியாது. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் அந்த வழக்கமே.

மே மாதம் ஒரு நாள் ஹாலிஸின் நாற்பது மிதவையிலும் முடிச்சு. ஒன்றைக் கையில் பிடித்தபடி கரையேறினார். நான் இரைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"எந்தப் படுபாவிங்க இதைப் பண்ணினது?" என்று கேட்டேன்.

"என் பொண்ணு" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, கோர்லிஸ் பேரைக்கூட எடுக்கவில்லை. ஒரே வாரத்தில் கூண்டுகளை அள்ளி, படகை விற்று, பாங்கர் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆர்டித் எண்ணெய்த்துணி அங்கியைப் படகிலேயே கழற்றி எறிந்தாள். "முடிச்சைக் கட்டுன்னே, கட்டினேன். எங்கப்பனை ஊரை விட்டே துரத்திட்டேன். போதுமா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கோர்லிஸைப் பார்த்துக் கத்திவிட்டு அவளும் பாங்கருக்குப் பஸ் ஏறினாள். அப்பா கதவைத் திறக்கவில்லையாம். அங்கேயே ஒரு சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கோர்லிஸ் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

அந்தக் கோடையில் கோர்லிஸ்தான் முதல் படகு. பெட்டி பெட்டியாக இறக்கினான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அவன் படகு கரைக்கு வரும்போது கட்டுக்கயிற்றைப் பிடிக்கக்கூட ஒருத்தரும் போகவில்லை. படகு ரேடியோவில் அவன் குரல் வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அக்டோபரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாடி மண்டிப்போயிருந்தது.

"டெல்மர், ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நல்ல பனிமூட்டம். ஒரு ஈ காக்கா பாக்கலே. கிழவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முடிச்செல்லாம் எதிர்ப்பக்கமா சுத்தியிருந்துச்சு. இடதுகை முடிச்சு. நம்ம துறையில இடதுகைக்காரி அவ ஒருத்திதானேடா."

அவன் என்னையே பார்த்தான். "ஆர்டித் இடதுகைக்காரியா?"

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. ஏழாம் வகுப்பு முழுக்க அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவள் எழுதும்போதெல்லாம் முழங்கையில் இடி வாங்கியவன் நான்.