எனக்கு இன்கிரிமென்ட் வேண்டாம்

எனக்குச் சம்பளம் ஏறப்போகிறது என்று கம்பெனி லைனில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி அது. நான் அங்கே பர்மனென்ட். "இன்னாக்கா, பிரியாணி எப்போ?" என்று பக்கத்து மேஜைப் பெண் இடித்துக்கொண்டே இருந்தாள். பிரியாணியாம்! அந்த உயர்வை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதுதான் என் கவலை.

எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஒரு மருத்துவ அட்டை தருவார்கள். ஆஸ்பத்திரி கார்டு என்போம். அதில் என்னோடு அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கார்டு போய்விடும். வந்த உயர்வு அந்த வரம்பைக் கொஞ்சூண்டு தாண்டியது. ஏழைகளுக்கான காப்பீட்டைக் கேட்டுப் போனால், "கம்பெனி சம்பளம் வாங்கறீங்களே" என்று கைவிரித்தார்கள். தனியாரில் காட்டும் அளவுக்கு நான் எந்த ஜென்மத்திலும் சம்பாதிக்கப் போவதில்லை.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் தள்ளியவள். ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் கூலி போய்விடுமே என்று கட்டியை மறைத்து வைத்திருந்தாள். கேட்டதற்கு, "வலிக்கலடி, அதான் சொல்லல" என்றாள். வந்த கோபத்துக்கு அவளைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, குளியலறையில் போய் அழுதேன். அரசு ஆஸ்பத்திரியில் அந்த விலை ஊசி கிடைக்காது என்றதால், கார்டில்தான் ஊசி ஆரம்பித்தோம். வருஷம் முழுக்கப் போட வேண்டிய ஊசி, பாதிதான் முடிந்திருந்தது. "நடுவுல விட்டா மறுபடி வந்துடும்" என்று டாக்டரம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார்.

ஆபீஸ் ரூமுக்குப் போய், "மேடம், எனக்கு இன்கிரிமென்ட் வேணாம்" என்றேன். அந்த மேடம் சிரித்தே விட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு மட்டும் குறைக்க ரூல் இல்லம்மா. கார்டு இன்னும் சில மாசம் ஓடும். அப்புறம் கட்."

எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வெளியே வந்தேன். ஊரில் அம்மாவோ, பார்க்கிறவர்களிடமெல்லாம் மகளுக்குச் சம்பளம் ஏறிய பெருமையை அளந்துகொண்டிருந்தாள்.

அதே கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரிடம் போனேன். அவரிடம் சம்பளம் குறைவு, கார்டு உண்டு. "பர்மனென்ட்ட உட்டுட்டு இங்க வர்றியா? தலை கிலை சுத்திக்கிச்சா உனக்கு?" என்றவர், சேர்த்துக்கொண்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதே லைன், அதே மேஜை, சட்டை நிறம் மட்டும் வேறு. அம்மாவுக்குத் தெரியாது.

பயம் தீர்ந்ததா? எங்கே! பர்மனென்டில் ஒருத்தியை வெளியே தள்ளக் காரணம் வேண்டும். இங்கே காலையில் கேட்டில் நிற்க வைத்து ஆள் பொறுக்குவார்கள். வேலை நாள் குறைந்துகொண்டே போனாலும் கார்டுக்கு ஆபத்துதான். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டுக்கு ஓடுவேன்.

போன வாரம் காண்ட்ராக்டர், "இன்னிக்கு ஆர்டர் கம்மி. பொம்பளைங்க அப்பிடி ஒதுங்கி நில்லுங்க" என்றார். ஆண்களை முதலில் உள்ளே அனுப்பினார். பிறகு எங்கள் பக்கம் விரலை நீட்டிக்கொண்டே வந்தார்.

"நீ வேல தெரிஞ்சவ, உள்ள போ" என்றார் என்னிடம். எனக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "நீ ஊட்டுக்குப் போம்மா" என்றார்.

அவளுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு அவளும் இதே கார்டைத்தான் நம்பியிருந்தாள். வேலை நாள் நிரம்ப வேண்டும் என்றுதான் அந்த வயிற்றோடு தினமும் வந்துகொண்டிருந்தாள். காண்ட்ராக்டர் பக்கம் திரும்பாமல், என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேலைய உட்டுட்டு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துகிறியே, உனக்கு இன்னாக்கா கொறச்சல்?"

"எங்கம்மா செத்துப்பூடும்" என்றேன்.

அதுவரை அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் உள்ளே போனேன்.