மூத்தார் வாங்கிய ஷெட்

என் மூத்தாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. செத்துப் போனவரைத் திட்டலாமா என்று என் மகளே கேட்கிறாள். அவர் உயிரோடு இருந்தபோது அவர் எதிரில் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். செத்த பிறகும் கூடாதென்றால் நான் எப்போதுதான் பேசுவது?

மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி அவர் முன்னால் நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது. சோறு வைத்தாகிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் சமையலறைச் சுவரைப் பார்த்து, "சோறு வெச்சாச்சு" என்று சொல்வேன். அவர் கூடத்தில் இருந்துகொண்டு, "தண்ணி இல்ல போலக்குது" என்று மாட்டுக்கொட்டகையைப் பார்த்துச் சொல்வார். நான் செம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே போவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. வேலை எதுவும் நின்று போனதில்லை. சுவருக்குச் சொன்னால் அவர் காதில் விழும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் என் நைனா எனக்குச் சீராகக் கொடுத்த ஒரு ஏக்கர் நஞ்சையை விற்று, அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் நாலு கடை கட்டினோம். கடைகளுக்குப் பின்னால் வீடு. இரும்பு உருக்குகிற கம்பெனிகளும் ஆணி, போல்ட்டு செய்கிற பட்டறைகளும் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த நேரம். இன்னும் வரும், ரோட்டில் ஒரு கடை இருந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஊரே பேசியது. நிலம் என்னுடையது, காசு என்னுடையது. பத்திரம் மட்டும் மூத்தார் பேரில்.

"பெரியவரு இருக்கும்போது அவுரை உட்டுட்டு வேற பேர்ல எழுதினா ஊர்ல இன்னா நெனைப்பாங்க?" என்றார் என் புருஷன். தன் பேரில் எழுதலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. என் பேரில் எழுதலாம் என்று எனக்கே தோன்றவில்லை. அதற்கு நான் யாரைக் குறை சொல்ல? என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் கடையில் டீக்கடை, அடுத்தது சைக்கிள் கடை, மூன்றாவது மளிகை, நாலாவதில் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர். ஷிப்டு முடிந்து ஆட்கள் வரும்போது டீக்கடை பெஞ்சில் இடம் இருக்காது. வாடகை மூத்தார் கைக்குப் போகும். அவர் அதிலிருந்து எங்களுக்குக் கொடுப்பார். என் நிலத்தின் பலனை எனக்கே பிச்சை போடுகிற மாதிரி நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவார். நானும் எடுத்துக்கொள்வேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கரண்டு கட் வந்தது. பாதி நாள் கம்பெனி ஓடவில்லை. ஓடுகிற நாளிலும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போனார்கள். டீக்கடைக்காரர் காலையில் போட்ட வடையைச் சாயந்திரம் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இரண்டு மாதம் வாடகை நின்றது. சைக்கிள் கடையிலும் அதே கதைதான்.

மூத்தார் என்ன செய்தார் தெரியுமா? டீக்கடைக்காரரின் பூட்டுக்கு மேலே தன் பூட்டைப் போட்டார். அந்த மனுஷன் பாய்லர் உள்ளே, தான் வெளியே என்று ரோட்டில் நின்றார். அடுத்த வாரம் சைக்கிள் கடைக்கும் பூட்டு.

நான் என் புருஷனைப் பிடித்துக்கொண்டேன். "பாதி வாடகை வாங்கிக்கினு அவங்களை இருக்க வுடச் சொல்லுங்க. காலியாக் கெடந்தா கரையான்தான் வாடகை குடுக்கும். ஒரு கடை மூடினா பக்கத்துக் கடைக்கும் ஆள் வராது. நல்ல காலம் வந்ததும் அவங்களே முழுசாக் குடுப்பாங்க."

"அண்ணன் பாத்துப்பாரு."

"இன்னாத்தப் பாத்துப்பாரு? நீங்க போய்ச் சொல்லுங்க."

"சும்மா பேஜாரு பண்ணாத" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் புருஷனுக்கு அண்ணன் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த நாக்கை என்னால் பிடுங்கி எடுக்க முடியவில்லை.

நான் சொன்னபடியேதான் ஆயிற்று. பூட்டிய கடைகளில் எலி குடும்பம் நடத்தியது. மளிகைக்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் ஆரம்பாக்கம் பக்கம் போய்விட்டார். காயில் கட்டுகிறவரிடம் மட்டும் நானே போய், "பெரியவருக்குத் தெரிய வேணாம், உன்னால முடிஞ்சதைக் குடு, நான் ஈடு கட்டிக்கிறேன்" என்றேன். என் கோழி, முட்டைக் காசைப் போட்டு வாடகையை நிரப்பினேன். அந்த ஒரு கடை மட்டும்தான் திறந்திருந்தது.

மூத்தாருக்கு அந்த நேரத்தில் வேறு புத்தி வேலை செய்தது. "ஊரே விக்கும்போதுதான் வாங்கணும், ஊரே வாங்கும்போது விக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மூடிக் கிடக்கிற பட்டறை பட்டறையாகப் போனார். துக்கம் விசாரிக்கப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முதலாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா பண்றது, காலம் அப்படி" என்று தலையாட்டிவிட்டு, போகிறபோக்கில் விலை கேட்பார். இடிந்து போனவன் வாயிலிருந்து வருகிற விலை எப்படி இருக்கும்? அப்படித்தான் மெட்ராஸ்காரர் ஒருவரின் இரும்புப் பட்டறை ஷெட்டைப் பேசி முடித்தார். தகரக் கூரை போட்ட பெரிய ஷெட். சுற்றிலும் காம்பவுண்டு, கேட்டு.

யோசனை மோசம் என்று நான் சொல்லவில்லை. அப்படி வாங்கிப் போட்டவர்கள் பின்னால் பெரிய ஆட்களானதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாங்குகிறவன் விலையை மட்டும் பார்த்தால் போதாது, வேறு நாலும் விசாரிக்க வேண்டும். மூத்தார் யாரையும் விசாரிக்க மாட்டார். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா?

வாடகை கொடுக்க வந்த காயில்காரர்தான் என்னிடம் சொன்னார். "அக்கா, பெரியவரு அந்த ஷெட்டை வாங்கறாராமே. அங்க நான் மோட்டார் கட்டிக் குடுத்தவன். ரொம்ப நாளா கரண்டு பில்லே கட்டல. லைனை அறுத்துட்டுப் போயிட்டாங்க. பழைய பாக்கியைக் கட்டாம புது லைன் குடுக்க மாட்டாங்க. வாங்கறவங்க தலையிலதான் வுழும். கரண்டு இல்லாத ஷெட்டை எவன் வாடகைக்கு எடுப்பான்?"

அன்றைக்கே புருஷனிடம் சொன்னேன். "அண்ணன் விசாரிக்காமயா இருப்பாரு" என்றார். என் ஓரகத்தியிடம், அதாவது மூத்தாரின் பெண்டாட்டியிடம் சொன்னேன். "நாங்க வாங்கறது உனக்குக் கண்ணு உறுத்துதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். கிரயத்துக்கு முந்தின நாள் காலையில் மூத்தார் கூடத்தில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு இந்நேரம் ஷெட்டு நம்மளுது" என்று அவர் கொட்டகையைப் பார்த்துச் சொன்னார். அது எனக்குச் சொன்னதுதான். பதிலுக்கு நான் சுவரைப் பார்த்து, "அந்த ஷெட்டுக்கு கரண்டு பாக்கி இருக்குதாம்" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி. சோறு வைத்தாகிவிட்டது என்று தினமும் சொல்கிறவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

நான் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன். டீக்கடைக்காரர் ரோட்டில் நின்றது என் கண் முன்னால் வந்தது. நிலைப்படியில் வைத்த காசு வந்தது. வாங்கட்டும், வாங்கி நல்லா அனுபவிக்கட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று வயிறு எரிந்து நினைத்தேன். கவிழ்ந்தால் அவர்தானே கவிழப் போகிறார்? என் கடைகள் பத்திரமாக ரோட்டோரம் நிற்கின்றனவே. இன்னொரு தோசையைக் கொண்டுபோய் நிலைப்படியில் வைத்தேன்.

ஷெட் வந்தது. லட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வாடகைக்குப் பார்க்க வந்தார். எல்லாம் பிடித்தது, கரண்டு மட்டும் கேட்டார். மூத்தார் கரண்டு ஆபீசுக்குப் போனார். அவரால் கட்டி மாளாத பழைய பாக்கியைச் சொன்னார்கள். போனபோது இருந்த முகம் திரும்பி வரும்போது இல்லை. கம்பெனிக்காரர் அந்தப் பக்கமே பிறகு வரவில்லை. ஷெட்டை விற்ற மெட்ராஸ்காரர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒருவர் டேப்பைப் பிடித்து என் கடைச் சுவரை அளந்துகொண்டிருந்தார். இன்னொருவர் கதவு, ஜன்னலை எண்ணினார். "யாருங்க நீங்க?" என்று கேட்டேன்.

"திருவள்ளூரு பைனான்ஸ்காரரு அனுப்பினாரும்மா. இந்த நாலு கடைப் பத்திரமும் அவுராண்டதான் கீது. ஷெட்டு வாங்க டப்பு வாங்கினாரு இல்ல உங்க பெரியவரு, வட்டியும் கட்டல, முதலும் கட்டல. கடையையே எழுதிக் குடுத்துடறேன்னுட்டாரு."

அவர் மூழ்கட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்ற தண்ணீரில் என் கடைகளும் இருந்திருக்கின்றன. என் புருஷனிடம் கேட்டேன், "உங்களுக்குத் தெரியுமா?" அவர் தரையைப் பார்த்தார். தெரியும்.

கடையை எழுதிக் கொடுக்கிற அன்றைக்குப் பத்திர ஆபீசுக்கு நானும் வருவேன் என்று கிளம்பினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை. வாசலில் தகரக் கொட்டகையின் கீழ் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். பைனான்ஸ்காரர் நாற்காலியில். மூத்தார் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி புலம்பிக்கொண்டிருந்தார். "ஏமாத்திட்டான்யா. இவ்ளோ பெரிய ஊர்ல ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்காதா? எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

சுவருக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தில் அப்போதுதான் அவர் கண் என்ன நிறம் என்று பார்த்தேன். "நீங்க வாங்கறதுக்கு முந்தியே தெரியும். உங்களுக்கு தோசை போட்டன்னிக்கே தெரியும். நீங்க கவுந்து போவணும்னுதான் சொல்லல."

என் புருஷன் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். மூத்தார் திட்டுவார் என்று நினைத்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மெதுவாக, என்னிடமே, நேராகப் பேசினார்.

"அது உன் கடைதானேம்மா. எனக்கோசரம் இல்லன்னாலும் உன் கடைக்கோசரம் சொல்லியிருக்கலாமே."

உன் கடை. கட்டிய நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்.

பைனான்ஸ்காரர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "இன்னாது, இந்தம்மா கடையா? இவங்களுக்கு இதுல பாத்தியதை இருக்குதா? அப்டின்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு வில்லங்கம் வேணாம்."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். நான் மூத்தாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு பைனான்ஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க. அவங்களுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. எல்லாம் என் பேர்லதான் கீது."

பத்திரத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து என் புருஷன் போட்டார்.