பதினெட்டு அட்டையும் எட்டு பெஞ்சும்

"1983 பிப்ரவரி, புதன். காலை 10.40 வகுப்பு. அட்டை பதினெட்டு. சிரிப்பு ஒரு முறை. மழை இல்லை."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தேதி இருந்த இடத்தில் மை ஊறிவிட்டது. புதன் என்பது மட்டும் உறுதி. பிப்ரவரியில் ஆரணியில் மழை இல்லை என்பதை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டுமா என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். பெய்யாத மழைக்கும் பதிவு வேண்டும் என்பது என் கட்சி.

பிளஸ் டூ வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கீழ் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் அந்த ஆண்டுதான் பெண்கள் பள்ளியில் மேல்நிலை உயிரியலை ஒப்படைத்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பழையபடி கீழ் வகுப்பு. ஆரணியில் அந்த இடம் நிரம்பிவிட்டதால் வெம்பாக்கம் பக்கம் போக வேண்டியிருக்கும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. அவளுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, தினமும் பஸ் மாறிப் போவது. இன்னொன்று, அதை அவள் சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன்: அந்த ஆண்டுதான் அவள் முதல் முறையாகத் தனக்குப் பிடித்த பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வரும் நாளில் பாடம், மரபணுவிலிருந்து செல் எப்படிப் புரதம் செய்கிறது என்பது. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு படம் இருந்தது. இட்லி மாவில் சீப்பு விழுந்ததுபோல் இருக்கும்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்து அலுவலகத்தில் எழுத்து வேலைக்குப் போனவன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். பட்டு என்பதே புரதம்தான் என்று படித்ததும் எனக்கு யோசனை பிறந்துவிட்டது. பட்டுத் தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில், துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோத்து ஓடும். எந்த இழை எழ வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தாம் சொல்லும். ஒரு அட்டை நகர்ந்தால் ஒரு வரி நெசவு. மூல அட்டைகளை டிசைனுக்கு உரியவர் வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார். நகல் குத்தித்தான் தறிக்குக் கொடுப்பார். செல்லிலும் அதே கதை. மூலமான டி.என்.ஏ. உட்கருவைவிட்டு வெளியே வராது. ஆர்.என்.ஏ. என்ற நகல்தான் ரைபோசோம் என்ற தறிக்குப் போகும். அங்கே நகலைப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோப்பார்கள். கோத்து முடித்தால் புரதம்.

"ஒரு அட்டை, ஒரு அமினோ அமிலம்" என்று முடிவு செய்தேன். ஆரணியில் பிறந்தவன் எதையும் அட்டையில்தான் எண்ணுவான். பட்டுப் புரதத்தில் ஆறு அமினோ அமிலங்கள் பார்டர் டிசைன்போலத் திரும்பத் திரும்ப வரும் என்பதால், மூன்று தடவைக்கு மொத்தம் பதினெட்டு அட்டை. சேவூரில் அட்டை குத்திக்கொண்டிருந்த என் மனைவியின் அண்ணனிடம் போனேன்.

"இது எந்தத் தறிக்கு மாப்ள?"

"பட்டுப்பூச்சி வயித்துக்குள்ள இருக்கிற தறிக்கு மச்சான்."

"அப்டியா! நெய்யறது யாரு? கூலிய யாரு குடுக்கறது?"

"பூச்சி இலை தின்னுதுல்ல, அதான் கூலி."

"நம்மளவிட தேவல. நாம நெய்ஞ்சிகினே இருக்கோம், இலையும் இல்ல." சிரித்துக்கொண்டே குத்திக் கொடுத்தார்.

அட்டைகளை மனைவியிடம் கொடுத்தபோது கூடவே ஒரு தாளில் குறிப்புகளும் எழுதித் தந்தேன். ஐந்தாவது குறிப்பு: "ஒரு அட்டையை உருவவும். அதற்குப் பின் வருவது எல்லாம் கெட்டுவிடும் என்று சொல்லவும்." மரபணு என்பது வேதி எழுத்துகளின் வரிசை, அதில் ஓர் எழுத்து விடுபட்டால் அதற்குப் பின் எல்லாம் தடம் மாறும் என்று புத்தகத்தில் இருந்தது. அதையே அட்டைக்கும் எழுதிவிட்டேன்.

"ஏங்க, பாடம் நான் எடுக்கறனா, நீங்க எடுக்கறீங்களா?" என்றாள். ஆனாலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வகுப்பில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மனைவி சொன்னதையும், அதே வகுப்பில் படித்த மச்சானின் மகள் சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதல் பாதி நன்றாகவே போயிருக்கிறது. முந்தானை நெய்யும் முந்தி அட்டை இருக்கிறது என்பதற்காகப் புடவை முழுக்க முந்தியா நெய்கிறோம், நேரம் வரும்போதுதானே ஓடவிடுகிறோம் என்று கேட்டிருக்கிறாள். பட்டுப்பூச்சியின் எல்லாச் செல்லிலும் பட்டு செய்யும் மரபணு உண்டு. பட்டுச் சுரப்பியில் மட்டுமே அது ஓடும். தறியிலிருந்து அறுத்த புடவையைப் பிசிறு வெட்டி மடிப்பதுபோல, கோத்த புரதத்தையும் செல் சில இடங்களில் நறுக்கி, சிலவற்றில் சர்க்கரை ஒட்டி, மடித்துத்தான் வேலைக்கு அனுப்பும். பின்னால் நாற்காலியில் இருந்த அதிகாரி தலையாட்டினாராம்.

அப்புறம் என் ஐந்தாவது குறிப்பு.

அட்டையை உருவி, "இப்ப என்ன ஆகும்?" என்றாள். நெசவு வீட்டுப் பெண்கள் ஒரே குரலில், "ஒன்னும் ஆவாது டீச்சர்!" என்றார்கள்.

"பின்னால வர்றது எல்லாம் கெட்டுடும்."

"இல்ல டீச்சர். எங்க வூட்ல அட்ட கிழிஞ்சா எட்த்துட்டு அடுத்ததோட கோத்துடுவாங்க. ஒரு வரி கொறையும், அவ்ளோதான். கடக்காரருக்கே தெரியாது!"

வகுப்பு சிரித்தது. நாட்குறிப்பில் உள்ள சிரிப்பு இதுதான். அதிகாரியும் சிரித்தார் என்று மச்சான் மகள் சொல்கிறாள், மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

அவள் அட்டைகளை மேசைமேல் வைத்தாள். வகுப்பில் எட்டு பெஞ்சுகள், பெஞ்சுக்கு மூன்று பேர்.

"ஒவ்வொருத்தரும் ஒரு எழுத்து. மூணு எழுத்து சேர்ந்தாத்தான் ஒரு அமினோ அமிலம். அதனால ஒரு பெஞ்சு, ஒரு அமினோ அமிலம். ரெண்டாம் பெஞ்சுல முதல்ல இருக்கறவ எழுந்து வெளிய வா. மத்தவங்க எல்லாரும் ஒரு எடம் முன்னால நகருங்க. காலி எடம் இருக்கக் கூடாது."

நகர்ந்தார்கள். பின் பெஞ்சுக்காரி முன் பெஞ்சுக்கு வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள் பிரிந்தார்கள்.

"டீச்சர், நான் இவகூட ஒக்கார மாட்டேன்!"

"இவ என் எடத்துல பைய வெச்சிகினு குந்திகினா டீச்சர்!"

"முதல் பெஞ்சுக்கு ஒன்னும் ஆகல. அதுக்கப்புறம் பழைய மூணு பேர் எந்த பெஞ்சுலயாவது இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

ஒன்றிலும் இல்லை. கடைசி பெஞ்சில் இரண்டே பேர். ஓர் எழுத்து போனால் என்ன ஆகும் என்பதற்கு அதன்பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

அதிகாரி முதல் முறையாக வாய் திறந்தார். "ஒரு பெஞ்சு மொத்தமும் எழுந்து போயிருந்தா?"

மனைவி பதில் சொல்வதற்குள் மச்சானின் மகள் எழுந்துவிட்டாள். "அந்த பெஞ்சு மட்டும்தான் சார் கொறையும். மத்ததெல்லாம் அப்டியே இருக்கும். டீச்சர், அந்த அட்ட ஒன்னொன்னும் ஒரு பெஞ்சு. அதான் உருவுனப்போ ஒன்னும் ஆவல!"

அன்று மாலை அவளே வீட்டுக்கு வந்து, "மாமா, உங்க அட்ட தப்பில்ல. நீங்க எழுதிக் குடுத்ததுதான் தப்பு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

மாற்றல் உத்தரவு வரவில்லை. அடுத்த ஜூனிலும் மேல்நிலை உயிரியல் அவளிடமே இருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். அந்த வகுப்பில் அதற்கு முன் ஆறு பெஞ்சில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்திருந்தார்கள் என்றும், இன்னும் இரண்டு பெஞ்சு போட்டு மூன்று மூன்றாக மாற்றி உட்கார வைத்தது செவ்வாய்க்கிழமை மாலை என்றும் மச்சான் மகள் சொல்கிறாள். அப்படியானால் ஆளுக்கு ஓர் எழுத்து என்ற பெஞ்சுக் கணக்கு முதல் நாளே தயார், என் ஐந்தாவது குறிப்பு தப்பு என்று மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பைச் சிரிக்க வைக்கவே என் அட்டையை முதலில் உருவியிருக்க வேண்டும். கேட்டால், "அதிகாரி வர்றாரு, பெஞ்சு நெருக்கமா இருக்க வேணாம்னு மாத்தினேன். இதையும் எழுதிக்கோங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். இரண்டில் எது உண்மை என்பது இந்த நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.