வெள்ளித் தாயத்தும் என் தங்கையின் ரத்தமும்

தொப்புள்கொடியில் ஸ்டெம் செல் இருப்பது நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும், அதனால்தான் அதைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கும்பிடும் கை இரண்டு, விளக்கு ஒன்று. அதை முதன்முதலில் எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி கேட்பேன். தங்கைதான் பிழைத்துவிட்டாளே, இன்னும் எதற்குக் கோபம் என்கிறார்கள் வீட்டில். அவள் எதிலிருந்து பிழைத்தாள் என்பதை மறந்துவிட்டார்கள். அதற்குத்தான் கோபம்.

நான் கல்வராயன் மலையில் ஒரு அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீடு கீழே, வடக்கனந்தலில். தினமும் மலை பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள். செல் என்றால் என்ன, அது எப்படிப் பிரிகிறது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போர்டில் படம் போட்டுக் காட்டுகிற எனக்கு, என் வீட்டுக்குள் அதை விளங்கவைக்கத் துப்பில்லை என்று இப்போது எல்லோரும் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் தங்கை தையல்காரி. கல்யாணம் வேண்டாம் என்று மிஷினோடு இருந்துவிட்டவள். போன வருஷம் அவளுக்குத் தொடையிலும் முழங்கையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. மிஷினில் இடித்துக்கொண்டேன் என்றாள். பல் துலக்கினால் ரத்தம். பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. கள்ளக்குறிச்சியில் ரத்தம் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். சென்னையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், எலும்புக்குள் ரத்தம் உண்டாவதே நின்றுவிட்டது என்று.

அம்மாவுக்கு நான் கிணற்றை வைத்துச் சொன்னேன். கிணற்றில் ஊற்றுக்கண் அடைந்துவிட்டது. லாரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற மாதிரி இப்போது அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறார்கள். அது எத்தனை நாளைக்கு? ஊற்று வேண்டும். அந்த ஊற்றுக்குப் பெயர்தான் ஸ்டெம் செல். கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்குப் பொருந்தினால் அவர் உடம்பிலிருந்து எடுத்து இவளுக்கு ஏற்றலாம். எனக்குப் பரிசோதனை செய்தார்கள், பொருந்தவில்லை. மிச்சம் இருந்தவன் எனக்கு இளையவனும் அவளுக்கு மூத்தவனுமான தம்பி ஒருவன்தான்.

தம்பி மரவள்ளி வைக்கிறவன். அவனுக்குப் போன் போட்டேன். "உன் ஸ்டெம் செல்லு அவளுக்கு வேணும்டா. ஞாயித்துக்கெழம வா, சென்னைக்குப் போவணும்" என்றேன். "அவளுக்கு இல்லாததாக்கா? குடுக்கறன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிரம் இருந்தாலும் கூடப் பிறந்தவன் கூடப் பிறந்தவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமையே வந்திருக்கிறான், நான் பள்ளியில் இருந்தபோது. மஞ்சள் துணியில் தன்னுடைய தாயத்தை முடிந்து எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் பிறந்தபோது விழுந்த கொடியைக் காயவைத்து அடைத்த வெள்ளித் தாயத்து அது. சின்ன வயதில் அரைஞாணில் கட்டியிருந்தார்கள், பிறகு அவன் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. எனக்கும் தங்கைக்கும் அப்படி எதுவும் கிடையாது. பெண் பிள்ளைகளின் கொடிக்கு எங்கள் வீட்டில் கொல்லைக் குப்பைக்குழிதான். வெள்ளியெல்லாம் பையனுக்கு.

கேட்டது ஸ்டெம் செல். வாட்ஸ்அப் சொன்னது ஸ்டெம் செல் தாயத்துக்குள் இருக்கிறது என்று. அவன் கணக்கில் கொடுத்தாகிவிட்டது. அம்மா அதைத் திறந்து, உள்ளே இருந்த கறுத்த துண்டைச் சந்தனக்கல்லில் உரைத்து, தேனில் குழைத்து, தங்கைக்கு ஊட்டியிருக்கிறாள். தங்கையும் அண்ணன் கொடுத்தது என்று நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் நான் வந்தபோது அம்மாவும் தங்கையும் நிம்மதியாக இருந்தார்கள். கொலை செய்துவிட்டு இப்படி நிம்மதியாக உட்கார்ந்திருக்க எங்கள் வீட்டில்தான் முடியும்.

கிருமியைத் தடுக்கிற வெள்ளை அணுவே இல்லாத உடம்பு அது. பச்சைக் காய்கறிகூடக் கொடுக்காதீர்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸில் உளுந்தூர்பேட்டை தாண்டும்போது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேர்மையானவர். "அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதைக் குடுத்திருக்கக் கூடாது" என்றார். எனக்கு அது போதும். வராந்தாவில் நின்றிருந்த தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா குடுத்த அவளுக்கு? நீ பொறந்தப்ப விழுந்த அழுக்கைடா! காஞ்ச செத்தையில உயிர் இருக்குமா? மரவள்ளிக் குச்சி கருவாடா காஞ்சிபோச்சின்னா நீ நடுவியா? சொல்லு, நடுவியா?"

"நீதானக்கா ஸ்டெம் செல்லு வேணும்னு சொன்ன" என்றான். அவன் வேட்டியெல்லாம் செம்மண். நேராகக் காட்டிலிருந்து ஓடி வந்திருந்தான்.

"உன்னைய வரச்சொன்னன்டா. உன் ஒடம்பை!"

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி உறிஞ்சுவார்கள், அப்புறம் மூட்டை தூக்க முடியாது, ஆம்பளையாகவே இருக்க முடியாது என்று அவன் மாமியார் வீட்டில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் தவித்தவனுக்கு, வலிக்காமல் தங்கையைக் காப்பாற்ற ஒரு வழி செல்போனில் வந்திருக்கிறது, விளக்குப் படத்தோடு. யாருக்குத்தான் கசக்கும்?

டாக்டரம்மா அவனை உட்காரவைத்துப் பேசினார். கையிலிருந்தே எடுப்போம், ஒரு கையில் எடுத்து மிஷினில் பிரித்து மறு கையில் ரத்தத்தைத் திருப்பி ஏற்றுவோம், எடுத்தது திரும்ப ஊறிவிடும் என்று. அவன் என்னைப் பார்க்காமல் கையை நீட்டினான். பரிசோதனையில் அச்சாகப் பொருந்தியது. இத்தனை நாளும் மருந்து எங்கள் மரவள்ளிக் காட்டில் கொத்திக்கொண்டு நின்றிருக்கிறது.

காய்ச்சல் அடங்கவே நாளாகிவிட்டது. அதுவரை அவள் இருப்பாளா என்பதே கேள்வியாக இருந்தது. பிறகு தம்பிக்குச் சில நாள் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் வலிக்கிறது என்றான். "கரும்பு வெட்டிட்டு வந்தா மாரி இருக்குதுக்கா, அவ்ளோதான்" என்றான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அரைநாள் மிஷின் பக்கத்தில் படுத்திருந்தான். கடைசியில் ஒரு சின்னப் பை நிறைந்தது, தண்ணியாய்க் கரைத்த தக்காளிச் சாறு மாதிரி. இதற்குத்தானா இத்தனை கூத்து என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அவள் உடம்பில் ஊறத் தொடங்கியது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்த வகையே மாறியிருந்தது. பி பாசிட்டிவாக இருந்தவள் இப்போது ஓ பாசிட்டிவ், தம்பியின் வகை. ஸ்டெம் செல் செய்கிற வேலை இதுதான். சர்க்கரைக்கும் முதுகுத்தண்டுக்கும் இன்னும் பலதுக்கும் உலகமெங்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். என்றைக்காவது வரும், வரட்டும். ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சார் ஸ்டெம் செல் பொடி என்று டப்பா விற்கிறார், மூட்டுவலி, கண் பார்வை எல்லாவற்றுக்கும் காலையில் ஒரு ஸ்பூன். அறிவியல் வாத்தியாராம். நான் இருக்கும்போது மட்டும் டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார்.

தங்கை வீடு திரும்பியதும் சொந்தபந்தமெல்லாம் வந்தது. "தாயத்துதாம்மா காப்பாத்துச்சு" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அம்மா தலையை ஆட்டினாள். தம்பியும் மறுக்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், "தாயத்தும் குடுத்தோம், ஆஸ்பத்திரியும் பாத்தோம்" என்றிருக்கிறான். ஊசிக்குப் பயந்து ஒளிந்ததைச் சொல்வதைவிட அது அவனுக்கு லேசாக இருந்திருக்கும். கொஞ்ச நாளில் அந்த டப்பா சாரே எங்கள் பள்ளி குரூப்பில் போட்டார்: நம் மாவட்டத்தில் நடந்த உண்மைச் சம்பவம், அண்ணனின் தாயத்து தங்கையின் உயிரைக் காத்தது. அதே விளக்கு, அதே கும்பிடும் கை. பொய் என்று கீழே எழுதினேன். யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "இருந்துட்டுப் போவட்டும் வுடுக்கா, யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றான்.

யாருக்கு நஷ்டம் என்பது போன மாதம் மலையில் என் வகுப்பு வாசலில் வந்து நின்றது. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தியை அவள் அம்மா தோளில் சாய்த்துக் கூட்டி வந்திருந்தாள். பெண்ணின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "டீச்சர், ஒங்க வூட்டுக் கதைதான் செல்லுல வந்துச்சாமே? அந்தத் தாயத்துக்காரரைப் பாக்கணும்" என்றாள் அம்மா. அவள் கைக்குள் ஒரு சின்ன வெள்ளித் தாயத்து இருந்தது. நான் பெண்ணின் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. நெற்றி சுட்டது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு இருவரையும் பஸ்ஸில் ஏற்றினேன். இறங்குகிற வழியெல்லாம் அந்த அம்மா தாயத்தை விடவில்லை. வடக்கனந்தலில் தம்பியை பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். கள்ளக்குறிச்சிக்கு அங்கே பஸ் மாற வேண்டும். "இவங்க ஒன்னைத்தான் பாக்க வந்துருக்காங்க. சொல்லு, எது காப்பாத்துச்சுன்னு உன் வாயாலயே சொல்லு" என்றேன்.

அவன் பெண்ணைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி, இரண்டு முழங்கை மடிப்பையும் அந்த அம்மாவுக்குக் காட்டினான்.

"இங்க குத்திதாம்மா எடுத்தாங்க. தாயத்துல ஒண்ணுமே இல்ல. ஊசிக்குப் பயந்துக்கினு நான்தான் அத்தக் குடுத்தன். அத்தத் தின்னுட்டுதான் எந்தங்கச்சி சாவக் கெடந்தா. தயவுசெஞ்சி பாப்பாவுக்கு அத்தக் குடுத்துடாதீங்க."

அந்த அம்மா தாயத்தின் மூடியைத் திருகி, கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டினாள். எதுவும் விழவில்லை.

"காலையிலயே ஒரைச்சுக் குடுத்துட்டேனே சாமி" என்றாள். "இன்னம் எத்தினி தடவ குடுக்கணும்னு கேக்கத்தான் வந்தேன்."

கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. தம்பி அந்தப் பெண்ணைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு முதலில் ஏறினான்.