மறுபக்கத்தம்மா

“மேடம், எந்தப் பக்கம் வெளிய தெரியணும்?” என்று கேட்டார் ஃப்ரேம் கடைக்காரர்.

வக்கீலம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் கொடுத்தது தன் கைப்பட எழுதிய குறுக்கு விசாரணைக் குறிப்பு. பதினொரு கேள்விகள், அவருக்குப் பேர் வாங்கித் தந்த, இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய வழக்குக்காக எழுதியவை. வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு விழா. வக்கீல்கள் சங்கத்தார் அதைக் கண்ணாடி போட்டு நூலகச் சுவரில் மாட்டப்போகிறார்கள்.

“எழுதியிருக்கிற பக்கந்தான்.”

“ரெண்டு பக்கமும் எழுதியிருக்கே. இந்தப் பக்கம் பச்சைத் தலைப்பு போட்டு டைப் அடிச்சிருக்கு, பாருங்க.”

பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. மேலே பச்சை மையில் ஓர் அச்சகத்தின் பெயர். அதன் கீழே, “நீங்கள் கேட்ட பசை குளிர் அறையில் நிற்காது, லேபிள் உரிந்துவிடும். அதுதான் வேண்டும் என்றால் பொறுப்பு உங்களுடையது.” ஓரத்தில், பெற்றுக்கொண்டதற்குப் பழச்சாறு கம்பெனியின் முத்திரை, தேதியோடு. கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போடாவிட்டால் அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்திருப்பார்.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் இந்த அதிர்ச்சி புரியும். முப்பத்தெட்டு வருஷம் வியாபார வழக்கு மட்டுமே நடத்தியவர். ஓடு வெடித்தது, சரக்கு நனைந்தது, கூட்டாளிகள் முட்டிக்கொண்டார்கள், இதுதான் அவருடைய உலகம். சிமென்ட் வழக்கு என்றால் ஆலைக்கே போய், தூசியில் முடியெல்லாம் வெளுக்க நின்று பார்த்துவிட்டு வருவார். ஒப்பந்தத்தின் பின்பக்கம் எறும்பு எறும்பாக அச்சடித்திருக்கும் நிபந்தனைகளை வைத்தே எதிராளியை ஓட ஓட விரட்டுவார். “பின்னாடி திருப்பிப் படிச்சீங்களா?” என்று அவர் கேட்டால் பெரிய பெரிய முதலாளிக்கெல்லாம் வியர்க்கும். கோர்ட் வராந்தாவில் அவருக்கு மறுபக்கத்தம்மா என்றே பெயர்.

கூடவே ஒரு கஞ்சத்தனமும் உண்டு. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராது. அது தெரிந்து கட்சிக்காரர்களும் தங்கள் ஆபீஸில் கழித்த தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தருவார்கள். வந்த கட்டை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து, அதிலேயே எழுத ஆரம்பித்துவிடுவார். அடுத்தவர் காகிதத்தையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்த மகராசி, தன் மேஜையில் கிடந்ததை மட்டும் திருப்பவில்லை.

பழச்சாறு கம்பெனி வழக்கிலும் அதுதான் நடந்தது. குளிர் அறையில் பாட்டில்களின் லேபிள் உரிந்து விழ, கம்பெனி வக்கீலம்மாவை வைத்து அச்சகக்காரர்மேல் வழக்குப் போட்டது. முன்கூட்டியே கடிதம் கொடுத்து எச்சரித்தேன் என்றார் அவர். அப்படி எதுவும் வரவேயில்லை என்று அடித்துச் சொன்னார் கம்பெனி மேனேஜர். அந்த மேனேஜர்தான் வக்கீலம்மாவுக்குக் கழிவுத் தாள் கட்டும் கொடுத்தவர். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று கேட்க அவர் இப்போது உயிரோடு இல்லை.

அன்றைக்குக் கோர்ட்டில் வக்கீலம்மா குறிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கடிதம் குடுத்தேன், கடிதம் குடுத்தேன்னு சொல்றீங்களே, எங்க அந்தக் கடிதம்?”

கூண்டில் நின்ற அச்சகக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். “உங்க கையிலதாம்மா இருக்கு.”

கோர்ட்டே சிரித்தது. “அவங்க கையில ஒண்ணும் இல்லப்பா, தீர்ப்பு என் கையில இருக்கு,” என்றார் நீதிபதி. அச்சகக்காரர் பதறிப்போய் அந்தக் காகிதத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

“கையக் கீழ போடுங்க. ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கடிதத்தை உங்களால காட்ட முடியுமா?”

“இல்ல.”

“இந்தச் சாட்சி உண்மை பேசுகிறவர் அல்ல” என்று தீர்ப்பில் அச்சேறியது. வக்கீலம்மாவின் பெயர் ஓங்கியது. அந்தக் கதையை அவர் எத்தனை மேடையில் சொல்லியிருப்பார்! “எல்லாம் உங்க கையிலதான் இருக்குன்னு மனுஷன் என்கிட்ட கெஞ்சுறாரு!” என்று சொல்லி, கூட்டம் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

மனுஷன் கெஞ்சவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்.

கூட வந்திருந்த குமாஸ்தா எட்டிப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மேடம், அந்தப் பக்கத்தை உள்ள வச்சு அட்டையில ஒட்டிடச் சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதே என்றுதான் இன்னும் பயமாகிப்போனது. காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கடிதத்திலிருந்த முகவரியில் இப்போது செருப்புக் கடை இருந்தது. அங்கே விசாரித்து, இரண்டு தெரு தள்ளி வீட்டைக் கண்டுபிடித்தார். முன்னறையில் தரையில் உட்கார்ந்து நோட்டுகளுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார் அச்சகக்காரர். முடி கொட்டியிருந்தது, விரலெல்லாம் பசை. வக்கீலம்மாவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

வக்கீலம்மா காகிதத்தை நீட்டினார். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, பச்சைத் தலைப்பைத் தடவிப் பார்த்தார். திருப்பி, பதினொரு கேள்விகளையும் நிதானமாகப் படித்தார்.

“வெளிய வந்ததும் என் வக்கீல்கிட்ட சொன்னேன். உளறாதய்யான்னுட்டார். அப்புறம் நானே யோசிச்சேன், பயத்துல கண்ணு ஏமாத்திடுச்சோன்னு.”

“விழாவுல எல்லார் முன்னாடியும் சொல்றேன். எழுதியும் தர்றேன். தப்பு என்னோடதுதாங்க. அன்னைக்கு எப்படி...”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.” அவர் குறுக்கே மறித்தார். “நான் ஒண்ணு கேக்கறேன். ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நான் பொய் சொன்னேனா?”

“இல்லை.”

ஆயிரம் பேர் அடங்கி உட்காரும் குரல் அது. அந்த முன்னறையைக்கூடத் தாண்டவில்லை.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா,” என்றார் அச்சகக்காரர். “உள்ள என் வீட்டுக்காரி இருக்கா. அவளும் நம்பல.”